டாக்டர் அன்சாரி: டெல்லியின் நாடி பார்த்தவர்

டெல்லியில் வாழும் தமிழர்களில் அன்சாரி நகருக்குப் போகாதவர்கள் குறைவு. "எய்ம்ஸ்" என்று எல்லோரும் சொல்லும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் இருப்பது அங்கேதான். ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு, விடியற்காலையில் அங்கே வரிசையில் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

பழைய டெல்லியில் தரியாகஞ்ச் பகுதியில் அன்சாரி ரோடு என்று ஒரு தெரு உண்டு. புத்தக வியாபாரிகள் நிறைந்த தெரு அது.

இந்த இரண்டு இடங்களுக்கும் பெயர் தந்தவர் ஒருவரே. அவர்தான் டாக்டர் முக்தார் அகமது அன்சாரி. காங்கிரஸ் மகாசபையின் தலைவராக இருந்தவர். காந்திஜியின் நண்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, டெல்லி மக்களின் டாக்டர்.

மார்பில் சளி கட்டி, மூச்சுத் திணறி, உயிருக்குப் போராடும் நோயாளிக்கு ஊசி மருந்தோ மாத்திரையோ இல்லாத காலம் அது. டாக்டரின் விரலும் காதும்தான் நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகள். அந்தக் காலத்தில் மூச்சுத் திணறிய ஒரு பெரியவருக்கு அன்சாரி வைத்தியம் பார்த்த வரலாறு, டெல்லிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

வைத்தியக் குடும்பம்

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில் காஜிப்பூர் மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள யூசுப்பூர் என்ற ஊரில், 1880-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி அன்சாரி பிறந்தார்.

அவருடைய அண்ணன்களும் வைத்தியர்களே. மூத்தவர்களில் ஒருவரான அப்துல் வகாப் அன்சாரி, யுனானி வைத்தியத்தில் பெரும் புகழ் பெற்றவர். அவருக்குக் கண் பார்வை கிடையாது. "ஹக்கீம் நாபீனா", அதாவது "பார்வையற்ற ஹக்கீம்" என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து, நாடித் துடிப்பைக் கொண்டே நோயைச் சொல்வதில் வல்லவர். கவிஞர் இக்பாலும் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் நாடி பார்க்கும் ஹக்கீம். தம்பியோ மேல்நாட்டு வைத்தியம் படிக்கப் போனார்.

அலகாபாத்தில் படித்த பிறகு அன்சாரி தென்னாட்டுக்கு வந்தார். ஹைதராபாத்தில் நிஜாம் அரசின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. சென்னைச் சர்வகலாசாலையோடு சேர்ந்த படிப்பை முடித்தார். பிறகு உதவித் தொகை பெற்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1905-ல் எம்.டி., எம்.எஸ். ஆகிய இரண்டு பட்டங்களும் பெற்றார்.

லண்டனில் லாக் ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்திராராக இருந்தார். சாரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார். இந்தியர் ஒருவருக்கு அப்படிப்பட்ட பதவிகள் கிடைப்பது அந்நாளில் அபூர்வம். அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1910-ல் தாய்நாடு திரும்பினார். தொழில் நடத்த டெல்லியைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த ஆண்டே, 1911 டிசம்பரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். நகரம் வளர்ந்தது. டாக்டரின் புகழும் வளர்ந்தது.

போர்க்களத்தில்

1912-ல் பால்கன் யுத்தம் மூண்டது. துருக்கிப் படையில் காயம்பட்டவர்கள் ஒரு பக்கம், காலராவில் விழுந்தவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு உதவ இந்தியாவில் பணம் திரட்டி, ஒரு மருத்துவக் குழு அனுப்பப்பட்டது. அந்தக் குழுவின் தலைவர் அன்சாரி. 1912 டிசம்பரில் பம்பாயிலிருந்து புறப்பட்டு, 1913 நடுவில் திரும்பினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி படுத்திருப்பது வேறு. போர்க்களக் கூடாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் படுத்திருப்பது வேறு. அங்கே டாக்டருக்கு நேரம் கிடையாது. எவரை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை உடனே தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் காயத்தில் சீழ் பிடித்தால், அதன் விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவும். காய்ச்சல் ஏறும். நாடி ஓடும். அதன் பிறகு மூச்சு வேகமாக வாங்கத் தொடங்கினால், டாக்டர்கள் கவலைப்படுவார்கள். நோய் நுரையீரலைத் தொட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

1918-ன் காய்ச்சல்

டெல்லியில் அன்சாரி தொழில் நடத்திய ஆண்டுகளில்தான் 1918-ன் இன்புளூயன்சா வந்தது. முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில் அது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1918 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கொடுமை உச்சத்தில் இருந்தது. டெல்லியும் தப்பவில்லை.

அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது, காய்ச்சலை அடுத்து வந்த நியுமோனியாதான். முதல் இரண்டு, மூன்று நாள் சாதாரண ஜுரம் போல இருக்கும். குறைவது போலவும் தெரியும். திடீரென்று மூச்சு வாங்கும். உதடு நீலம் பாயும். சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடும்.

சாதாரணக் காய்ச்சல் எந்த நேரத்தில் நெஞ்சில் இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் டாக்டரின் திறமை. அதை முன்கூட்டியே கண்டால், நோயாளியைக் கண்ணும் கருத்துமாகக் காக்கலாம். காணத் தவறினால் பிறகு ஒன்றும் செய்ய இயலாது.

தட்டிப் பார்த்து, காது வைத்து

அந்நாளில் டாக்டர்கள் நெஞ்சை எப்படிச் சோதித்தார்கள்?

முதலில் பார்வை. நோயாளியின் மார்பு ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவார்கள். நல்ல உடம்பில் 16 முதல் 20 தடவை. நியுமோனியாவில் அது 30, 40 என்று உயரும். நாடியையும் எண்ணுவார்கள். சாதாரணமாக ஒரு மூச்சுக்கு நான்கு துடிப்பு. ஒரு மூச்சுக்கு இரண்டு துடிப்பு என்று ஆகிவிட்டால், கோளாறு நெஞ்சில்தான்.

அடுத்து விரல். இடது கை விரலை மார்பில் பதித்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டுவார்கள். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான் இதுவும். காற்று நிறைந்த நுரையீரல் "டங்" என்று ஒலிக்கும். சீழும் நீரும் அடைத்த இடம் "மொத்" என்று மந்தமாகக் கேட்கும். ஆஸ்திரிய டாக்டர் ஆவன்புருக்கர் 1761-ல் இந்த முறையை வெளியிட்டார். அவருடைய தகப்பனார் விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம்.

மூன்றாவது காது. 1816-ல் பிரெஞ்சு டாக்டர் லென்னக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். நியுமோனியா பிடித்த இடத்தில் அதை வைத்தால், மூச்சை உள்ளே இழுக்கும்போது நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். தலைமுடியில் சிறிது எடுத்து, காதருகே விரல்களால் தேய்த்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே சத்தம்.

எக்ஸ்ரே 1895-லேயே வந்துவிட்டது. ஆனால் மிகவும் மோசமான நிலையில் இருப்பவரைக் கட்டிலிலிருந்து எடுத்து, வெகுதூரம் கொண்டு போய்ப் படம் பிடிப்பது எளிதல்ல. ஆகவே வீட்டுக்கு வரும் டாக்டரின் விரலையும் காதையும் நம்பித்தான் உயிர் இருந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. டாக்டர் நோயாளியின் பக்கத்தில் உட்கார வேண்டும். சட்டையை விலக்கி மார்பைத் தொட வேண்டும். நோயாளியும் அவரை முழுமையாக நம்பித் தன் உடம்பைக் கொடுக்க வேண்டும்.

சுவாமி சிரத்தானந்தர்

1926-ம் ஆண்டு டிசம்பர். டெல்லியின் குளிர்காலம். நயா பஜாரில் ஒரு வீட்டில், 70 வயதான துறவி ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவர்தான் சுவாமி சிரத்தானந்தர்.

ஆரிய சமாஜத்தின் பெருந்தலைவர். ஹரித்துவாருக்கு அருகே காங்கிரி குருகுலத்தை 1902-ல் நிறுவியவர். 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் கிளர்ச்சி நடந்தபோது, சாந்தினி சவுக்கில் கூர்க்கா சிப்பாய்களின் துப்பாக்கி முனைக்கு முன்னால் மார்பைக் காட்டி நின்றவர். சில நாட்களில் ஜும்மா மசூதிக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்து மக்களிடையே பேசினார். இந்துத் துறவி ஒருவர் அங்கே பேசியது நாடெங்கும் வியப்பை உண்டாக்கியது.

அது 1919. அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. மதம் மாறியவர்களைத் திரும்ப இந்து மதத்தில் சேர்க்கும் சுத்தி இயக்கத்தைச் சுவாமி நடத்தினார். முஸ்லிம்களிடையே அதற்கு எதிர்ப்பு மூண்டது. 1924-ல் டெல்லியிலேயே கலகம் நடந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

1924 செப்டம்பரில் காந்திஜி டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தது இந்தப் பகையைத் தணிப்பதற்காகத்தான். மவுலானா முகமது அலியின் வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது தினமும் அவர் உடம்பைப் பரிசோதித்துக் காத்த டாக்டர்கள் இருவர். ஒருவர் டாக்டர் அன்சாரி. மற்றவர் டாக்டர் அப்துல் ரகுமான்.

அதே அன்சாரிதான் 1926-ல் சுவாமி சிரத்தானந்தருக்கும் சிகிச்சை அளித்தார்.

சுவாமிக்கு வந்திருந்தது பிராங்கோ நியுமோனியா. நுரையீரலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பரவும் நோய். ஒரே இடத்தில் அடைத்துக்கொள்ளும் நியுமோனியாவைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம். தட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. முதியவர்களுக்குக் காய்ச்சலும் அதிகம் ஏறாமல் இருக்கலாம். இருமலும் குறைவாக இருக்கலாம். சாப்பாட்டில் விருப்பமின்மை, சோர்வு, லேசான மனக் குழப்பம், வேகமான மூச்சு, இவ்வளவுதான் அடையாளம். வயதின் தளர்ச்சி என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள்.

மருந்து என்று சொல்லும்படியாக எதுவும் இல்லாத காலம். தலையணை வைத்து உயரப் படுக்க வைப்பது, நீராகாரம் கொடுப்பது, குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்வது, இருதயம் தளராமல் கவனிப்பது, ஆட்கள் வந்து பேசித் தொந்தரவு செய்யாமல் தடுப்பது. இவைதான் அக்காலத்துச் சிகிச்சை. திரும்பத் திரும்ப நெஞ்சைச் சோதித்து, நோய் பரவுகிறதா, வடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளியே நகரம் இரண்டாகப் பிரிந்து நின்றது. உள்ளே, சுத்தி இயக்கத்தின் தலைவர் தம் உடம்பை ஒரு முஸ்லிம் டாக்டரிடம் ஒப்படைத்திருந்தார். அந்த டாக்டரும் வேறெதையும் பாராமல் அவருக்கு வைத்தியம் பார்த்தார். சுவாமி மெல்லத் தேறி வந்தார்.

துப்பாக்கிக் குண்டு

டிசம்பர் 23-ந் தேதி பிற்பகல், அப்துல் ரஷீத் என்பவன் அந்த வீட்டுக்கு வந்தான். மத விஷயமாகச் சுவாமியிடம் பேச வேண்டும் என்றான். உடம்பு சரியில்லை, பிறகு பேசலாம் என்று சுவாமி சொன்னார். அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவன், படுக்கையில் கிடந்தவரைத் துப்பாக்கியால் சுட்டான். சுவாமி அங்கேயே உயிர் துறந்தார். தடுக்க ஓடி வந்த பணியாள் தரம்சிங் காயமடைந்தார்.

நியுமோனியாவிலிருந்து மீண்டுகொண்டிருந்தவரைத் துப்பாக்கிக் குண்டு கொண்டு போயிற்று. குற்றவாளிக்குப் பிறகு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

கவுகாத்தியில் காங்கிரஸ் மாநாடு கூடும் நேரம் அது. தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டின் எஸ்.சீனிவாச அய்யங்கார். மாநாடு துயரத்தில் மூழ்கியது. அனுதாபத் தீர்மானத்தைக் காந்திஜி கொண்டு வந்தார். பழிக்குப் பழி என்ற எண்ணம் கூடாது என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார்.

டெல்லியில் பேசப்பட்ட பேச்சு ஒன்று உண்டு. சுவாமியைச் சுட்டவனும் முஸ்லிம். அவரைப் பிழைக்க வைக்கப் பாடுபட்டவரும் முஸ்லிம். ஒருவனைப் பார்த்து ஒரு சமூகத்தையே எடை போடக் கூடாது என்பதற்கு, அந்த வீடே சாட்சியாக நின்றது.

சென்னைக்குத் தலைவராக

மறு ஆண்டு, 1927 டிசம்பரில், காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தது. சீனிவாச அய்யங்காருக்கு அடுத்துத் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் அன்சாரி.

அந்த மாநாட்டில்தான் சைமன் கமிஷனைப் பகிஷ்கரிப்பது என்று முடிவு செய்யப்பட்டது. பூரண சுதந்திரமே நாட்டின் குறிக்கோள் என்ற தீர்மானத்தை ஜவகர்லால் நேரு கொண்டு வந்ததும் அங்கேதான். இந்து-முஸ்லிம் ஒற்றுமை பற்றியும் தீர்மானம் நிறைவேறியது. ஓர் ஆண்டுக்கு முன் சிரத்தானந்தரின் படுக்கை அருகே இருந்தவருக்கு, அது வெறும் மேடைப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

அதே மாதக் கடைசியில், அவருடைய உயிர் நண்பர் ஹக்கீம் அஜ்மல் கான் காலமானார். கரோல்பாக்கில் கடை வீதிக்குப் போகிறவர்கள் அஜ்மல் கான் ரோட்டை மறக்க மாட்டார்கள். அந்த அஜ்மல் கான்தான். இருவரும் வளர்த்த ஜாமியா மில்லியா கல்வி நிலையம், 1925-ல் அலிகாரிலிருந்து கரோல்பாக்குக்கு வந்திருந்தது. அஜ்மல் கானுக்குப் பிறகு அதன் தலைமைப் பொறுப்பு அன்சாரியின் தோளில் விழுந்தது. பணக் கஷ்டத்தில் தவித்த அந்த நிலையத்துக்காகச் சாகும் வரை பாடுபட்டார்.

மோதிலால் நேருவின் கடைசி நாட்கள்

1930-ல் சட்ட மறுப்பு இயக்கத்தில் அன்சாரி சிறை சென்றார்.

1931 தொடக்கத்தில் மோதிலால் நேருவின் உடல்நிலை மிகவும் மோசமாயிற்று. நெடுநாளாக ஆஸ்த்மாவால் அவதிப்பட்டவர் அவர். அன்சாரி, பி.சி.ராய், ஜீவராஜ் மேத்தா ஆகிய மூன்று டாக்டர்களும் பக்கத்தில் இருந்தார்கள். அலகாபாத்தில் வசதி போதாது என்று, எக்ஸ்ரே சிகிச்சைக்காக லக்னோவுக்குக் கொண்டு போனார்கள். பிப்ரவரி 6-ந் தேதி அவர் காலமானார். மூன்று பெரிய டாக்டர்கள் கூடியும் காப்பாற்ற முடியவில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு விஞ்ஞானம் வளர்ந்திருந்தது. தீர்க்கும் அளவுக்கு வளரவில்லை.

அந்தத் துயரம் ஆறுவதற்குள், காந்திஜி வைசிராய் இர்வினுடன் பேச டெல்லி வந்தார். அவர் தங்கியது தரியாகஞ்சில் அன்சாரியின் வீட்டில்தான். மார்ச் 5-ந் தேதி காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, நாட்டின் தலைவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் கூடினார்கள்.

ரெயிலில் முடிந்த வாழ்க்கை

பல ஆண்டுகளாக அன்சாரியின் இருதயமே பலவீனமாக இருந்தது. ஓய்வு எடுக்க வேண்டியவர் ஓய்வு எடுக்கவில்லை. 1936-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி இரவு, மசூரியிலிருந்து டெல்லிக்குத் திரும்பும் வழியில், ரெயிலிலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

ஓக்லாவில், ஜாமியா மில்லியாவின் புதிய இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1938-ல், நியுமோனியாவை அடக்கும் "எம் அண்ட் பி 693" என்ற சல்பா மாத்திரை இங்கிலாந்தில் வெளிவந்தது. 1928-ல் பிளெமிங் கண்டுபிடித்த பெனிசிலின், 1940-களில் மருந்தாக வந்தது. ஆயுள் முழுவதும் நெஞ்சில் காது வைத்து நோயைக் கேட்டவர், அதற்கான மருந்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

இன்றும் அதே மூச்சு

எய்ம்ஸ் 1956-ல் அமைக்கப்பட்டது. அன்சாரி கனவில்கூடக் கண்டிராத கருவிகள் இன்று ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று சொல்லும் கருவி இருக்கிறது. நெஞ்சைக் குறுக்கே வெட்டியது போலப் படம் எடுத்துக் காட்டும் இயந்திரம் இருக்கிறது.

உடம்பில் வேறெங்கோ தொற்றிய கிருமியின் விஷம் ரத்தத்தில் பரவி, நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும் என்பதை இன்று டாக்டர்கள் அறிவார்கள். வயிற்றில் சீழ், சிறுநீரில் கிருமி, காலில் புண், எதுவாக இருந்தாலும் நெஞ்சில் போய் முடியலாம். அப்படி நேர்ந்தவர்களைச் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற முயல்கிறார்கள். அப்போதும் பிழைக்காதவர்கள் பலர்.

ஆனால், அபாயத்தின் முதல் அடையாளம் மாறவில்லை. மூச்சின் வேகம்தான் அது. நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினால் ஆபத்து என்பதை இன்றைய டாக்டர்களும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதை எண்ணுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு கைக்கடிகாரம் போதும்.

டெல்லிக் குளிரில் தனி அறையில் காய்ச்சலோடு கிடக்கும் நண்பர் ஒருவர் இருந்தால், அவருடைய மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். மூச்சு வேகமாக இருந்தாலும், உதடு நீலமாகத் தெரிந்தாலும், பேச்சு குழறினாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் எந்த ஊர், எந்த மதம், எந்த மொழி என்று டாக்டர் அன்சாரி பார்க்கவில்லை. அவர் பார்த்தது மூச்சை மட்டுமே.